நெய்மாரின் காசோலையும் 1985-ஆம் வருஷத்துச் சட்டமும்

2017 ஆகஸ்ட் 3. நெய்மாரின் வக்கீல்கள் மாட்ரிட்டில் உள்ள லா லீகா அலுவலகத்துக்கு ஒரு காசோலையோடு போகிறார்கள். தொகை 22.2 கோடி யூரோ. லா லீகா வாங்க மறுத்துவிட்டது. அன்றைக்கே பார்சிலோனா கிளப் அலுவலகத்துக்குப் போய்ப் பணத்தைக் கட்டினார்கள். நெய்மார் பாரிஸின் பி.எஸ்.ஜி. கிளப்புக்குப் போய்விட்டார்.

இதில் ஒரு விஷயம் உறுத்தும். ஆளை எடுப்பது பி.எஸ்.ஜி. அப்புறம் ஏன் ஆட்டக்காரரின் வக்கீல் பணம் கட்டணும்?

ஏன்னா சட்டப்படி அங்கே யாரும் யாரையும் வாங்கவில்லை. ஒரு தொழிலாளி வேலையை விட்டார், அதற்கான நஷ்டஈட்டைக் கட்டினார், அவ்வளவுதான். ஐடி ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். நோட்டீஸ் பீரியடை முடிக்காமல் கிளம்பினால் பணம் கட்டணும், பல சமயம் புதுக் கம்பெனி அதைக் கொடுத்துவிடும். ரிலீஸ் க்ளாஸ் என்று நாம் சொல்லும் ஷரத்தும் அந்த ஜாதிதான்.

ஸ்பெயினில் முன்பு நிலைமை வேறு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு இருந்தது. காலாவதியான பிறகும் கட்டிப்போடும் ஒப்பந்தம்! 1979 மார்ச்சில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்த உரிமையை ஒழிக்கணும் என்பது முக்கியமான கோரிக்கை. பிறகு வந்ததுதான் 1985-இன் 1006-ஆம் எண் அரசாணை. அதன் 16-ஆவது பிரிவைப் படித்தால் சுவாரசியமாக இருக்கும். கிளப் மேல் தப்பில்லாமல் ஆட்டக்காரர் தானாக விலகினால், கிளப்புக்கு நஷ்டஈடு உண்டு. தொகையை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளலாம், எழுதாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம் நிர்ணயிக்கும். ஒரு வருஷத்துக்குள் அவர் இன்னொரு கிளப்பில் சேர்ந்து, தொகையை அவரால் கட்ட முடியாமல் போனால், அந்தப் புதுக் கிளப் பொறுப்பு.

ஆக, இது ஆட்டக்காரருக்காகத் திறந்த கதவு. கிளப்புகள் என்ன செய்தன? கோர்ட்டு கையில் விடாமல் தாங்களே ஒரு தொகையை எழுதின, அதையும் யாரும் தொட முடியாத உயரத்தில் எழுதின. கதவு இருக்கு, ஆனா பத்தாவது மாடியில் இருக்கு.

கோர்ட்டுகள் இதை எப்போதும் அப்படியே ஏற்கவில்லை. 2005-இல் இபான் சுபியாவ்ரே என்ற இளம் ஆட்டக்காரர் ரியல் சொசியேதாதை விட்டு அத்லெடிக் பில்பாவோவுக்குப் போனார். ஷரத்தில் 3 கோடி யூரோ. நீதிமன்றம் விதித்தது 50 லட்சம்.

உயரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்ட கதைகளும் உண்டு. 2000-இல் ஃபிகோவின் 1,000 கோடி பெசெட்டாவை ரியல் மாட்ரிட் கட்டியது, அதுவும் பரம எதிரி பார்சிலோனாவுக்கு. நெய்மார் விஷயத்திலும் அதே பார்சிலோனாதான். அதுவரை உலகச் சாதனை போக்பாவின் 10.5 கோடி யூரோ. அதன் இரண்டு மடங்குக்கு மேல் யார் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் பென்சிமாவுக்கு ரியல் மாட்ரிட் எழுதிய தொகை 100 கோடி யூரோ. மெஸ்ஸிக்கு 70 கோடி. 2020-இல் மெஸ்ஸி விலகப் பார்த்தபோது, அந்த ஷரத்து செல்லும் என்று லா லீகா சொன்னது. கோர்ட்டுக்குப் போக மனமில்லாமல் அவர் தங்கிவிட்டார். 2021 ஜூனில் ஒப்பந்தம் தானாக முடிந்தது. ஆகஸ்டில் அவரும் பி.எஸ்.ஜி.க்கே போனார். பார்சிலோனாவுக்கு மாற்றுத் தொகையாக ஒரு சென்ட்கூட வரவில்லை.