பிரௌனின் சந்தேகம்

1827, கோடைக்காலம். லண்டனில் ராபர்ட் பிரௌன் என்ற தாவரவியலாளர் ஒற்றை லென்ஸ் நுண்ணோக்கி வழியாக ஒரு துளி நீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே கிளார்க்கியா பூவின் மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள். ஒன்றுகூட சும்மா இருக்கவில்லை. நடுங்குகின்றன, புரள்கின்றன, இடம் மாறுகின்றன.

நாமாக இருந்தால், “அட, உயிரோட இருக்கே!” என்று முடித்திருப்போம். அதில் தப்பும் இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே லீவன்ஹூக் ஏரித் தண்ணீரில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டிருந்தார். பிரௌன் தேடியதோ பூக்கள் கருவுறும் விதத்தை. உயிரின் மூலத்தையே கண்டுவிட்டோம் என்று நம்ப எல்லா ஆசையும் அவருக்கு இருந்திருக்கும்.

ஆனால் அவர் தன் ஆசையையே சோதித்தார். பல வருஷம் காய்ந்துகிடந்த செடிகளின் மகரந்தத்தைப் போட்டார். அதுவும் ஆடியது. கண்ணாடித் தூள் ஆடியது. எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையிலிருந்து வந்த கல்துண்டைப் பொடித்துப் போட்டார். கல்லும் ஆடியது! அப்போ இது உயிர் இல்லை.

தண்ணீர் ஆவியாகும்போது உண்டாகும் ஓட்டமா? துகள் கலந்த நீரைப் பாதாம் எண்ணெய்க்குள் குட்டிக் குட்டித் துளிகளாக அடைத்தார். ஆவியாக வழியில்லை. சில துளிகளில் ஒரே ஒரு துகள்தான். இடித்துத் தள்ளப் பக்கத்தில் ஆளும் கிடையாது. ஆட்டம் நிற்கவில்லை. காரணம் என்னவென்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைத்தார்.

விடை 1905-இல் வந்தது. கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால்தான் துகள் அலைகிறது என்றார் ஐன்ஸ்டைன். அப்படி அலையும் துகள், நான்கு மடங்கு நேரத்தில் சராசரியாக இரண்டு மடங்கு தூரம்தான் விலகும் என்று கணக்கும் போட்டார். ழான் பெரான் அதை அளந்து சரிபார்த்தார். அணு நிஜமா என்ற பழைய சண்டை ஓய்ந்தது.

இந்தக் கணக்கு இன்னொன்றுக்கும் உதவுகிறது. தானே நீந்தும் துகள் கொஞ்ச நேரம் திசை மாறாமல் போகும். நான்கு மடங்கு நேரத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு தூரம். நீரோட்டம் அடித்துப் போனால் அக்கம்பக்கத்துத் துகள்கள் எல்லாம் சேர்ந்தே ஒரே திசையில் போகும். ஆனால் ரொம்ப நேரம் பார்த்தால் நீந்தும் துகளும் திசை மறந்து அலைவதுபோலவே தெரியும். எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதும் முக்கியம்.

2004-இல் பொன்னும் பிளாட்டினமும் சேர்ந்த நுண்கம்பிகள் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் தாமாக ஓடின. உயிரில்லாத, ஆனால் உண்மையிலேயே நீந்துகிற பொருள்! அதை எப்படி நம்புவது? பெராக்சைடை எடுத்துவிட்டு வெறும் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டம் போய், பழைய நடுக்கம் மட்டும் மிஞ்சும். பாதாம் எண்ணெயோடு பிரௌன் செய்ததும் இதே வேலைதான்.