துப்பாக்கிக் குழலில் இருந்து தண்ணீர்க் குழாய் வரை



சென்ற மாதம் எங்கள் வீட்டு ஜி.ஐ. குழாய் ஓட்டை விழுந்தது. பிளம்பர் அறுத்துக் கழற்றிக் காட்டினார். உள்ளே துரு அடை அடையாகப் படிந்து, சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்கு அடைத்திருந்தது. "எவர்சில்வர் குழாயா இருந்தா இந்தத் தொல்லையே இல்ல தம்பி" என்றார்.

நாம் எவர்சில்வர் என்று சொல்வது துருப்பிடிக்காத எஃகைத்தான். பெயரில் வெள்ளி இருந்தாலும் பொருளில் வெள்ளி துளியும் கிடையாது. பிறகு எப்படித் துருப்பிடிக்காமல் இருக்கிறது? தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

குரோமியம் கலந்த இரும்பை அமிலம் எளிதில் அரிப்பதில்லை என்பதை 1821-லேயே பிரான்சு நாட்டின் பியர் பெர்த்தியே கண்டறிந்தார். ஆனால் குரோமியம் மிகுந்த அந்தக் கால உலோகம் எளிதில் உடைந்தது. ஆகவே பயன்பாட்டுக்கு வர ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

1912-ல் ஜெர்மனியின் குருப் நிறுவனத்தைச் சேர்ந்த பென்னோ ஸ்ட்ராஸ், எட்வர்ட் மவுரர் ஆகியோர் குரோமியமும் நிக்கலும் சேர்ந்த எஃகை உருவாக்கினார்கள். மறு ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் உள்ளே தேய்ந்து போவதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அவர் உருக்கிய எஃகில் 12.8 விழுக்காடு குரோமியம் இருந்தது. நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலம் தடவினால், அமிலம் பிடிக்கவே இல்லை! வினிகர், எலுமிச்சைச் சாறு எதற்கும் அது அசையவில்லை. துப்பாக்கியை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக் கத்தி செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது. காப்புரிமை யாருக்கு என்ற பிணக்கில் 1915-ல் அவர் அந்த ஆய்வுக்கூடத்தை விட்டே விலகினார்.

இதன் சூட்சுமம் எளியது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனுள்ள படலமாக எஃகை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே மீண்டும் உருவாகும். இதற்குக் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் வேண்டும். பால் பண்ணை, மருந்துத் தொழிற்சாலைக் குழாய்களில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 வகை அதிகம். ஆனால் உப்பு இந்தப் படலத்தைத் துளைத்துவிடும். அதனால் உப்பு மிகுந்த இடங்களுக்கு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்த்த 316 வகையைப் பயன்படுத்துகிறார்கள்.

என்னை வியக்க வைத்தது டோக்கியோ. அங்கே தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் ஈயக் குழாய்களில்தான் கசிவு மிகுதி. 1980 முதல் அவற்றை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைப் பதித்தார்கள். பின்னர், மூட்டுகளைக் குறைக்க, வளைக்கக்கூடிய நெளிவுக் குழாய்களும் வந்தன. அப்போது சுமார் 15 விழுக்காடாக இருந்த நீர்க்கசிவு, 2010-களில் 3 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. கசிவைத் தேடிப் பிடிக்கும் பணியும் இதற்குக் காரணம் என்றாலும், குழாய் மாற்றத்தின் பங்கு பெரிது.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்கிறீர்களா? விலையைக் கேட்டதும் அப்பா "பிவிசி போதும்" என்று முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு வீட்டுக்கு அது செலவுக் கணக்கு. ஆனால் ஒரு நகரத்துக்கு, மண்ணுக்குள் வீணாகும் குடிநீரும் அந்தக் கணக்கில் சேர வேண்டும் அல்லவா?