பிரேசர் மலைக்கு ஒரு நாள்

சுற்றுலா என்றால் பஸ் ஏறியதும் பாட்டும் கும்மாளமும், கொஞ்ச நேரத்தில் தூக்கமும்தான் நம் வழக்கம். பிரேசர் மலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: தூங்கிடாதீங்க. அந்த மலையின் வரலாறு உச்சியில் இருப்பதைவிட வழியில்தான் அதிகம் கிடக்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ விடியற்காலையில் புறப்பட்டால், கோல குபு பாருவில் பசியாறலாம். 'பாரு' என்றால் மலாயில் புதியது. அப்படியானால் பழைய ஊர் எங்கே? பழைய கோல குபு ஈயத்தால் பிழைத்த ஊர். 1883-இல் அணை உடைந்து, வெள்ளம் ஊரை வாரிக்கொண்டு போயிற்று. அங்கே அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேயரும் மாண்டார். வெள்ளை முதலை ஒன்றை அவர் சுட்டதால் ஆறு பழி வாங்கியது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை கிடக்கட்டும். அதன் பிறகும் ஈயச் சுரங்கங்கள் கழித்துவிட்ட மண் ஆற்றை மேடாக்கியது; வெள்ளத்துக்கு மேல் வெள்ளம் வந்தது. கடைசியில், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஊரையே வேறிடத்துக்கு மாற்றினார்கள். பக்கத்திலிருக்கும் அம்பாங் பெச்சாவின் பெயருக்கு 'உடைந்த அணை' என்று பொருள். புத்தகம் மறந்தாலும் ஊர்ப்பேர் மறக்கவில்லை பாருங்க!

அங்கிருந்து சடக்கு வளைந்து வளைந்து ஏறுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஹாங்குக்குப் போட்ட பெருஞ்சடக்கு இது. அவசரகாலத்தில், 1951 அக்டோபர் 6-ஆம் நாள், பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி மனைவியோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வளைவில் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து சுட்டார்கள். கர்னி காரைவிட்டு இறங்கிச் சடக்கோரத்தை நோக்கி நடந்து, குண்டுபட்டு மாண்டார். மனைவி உயிர் தப்பினார். அவரைக் காப்பாற்றத்தான் கர்னி இறங்கினார் என்பது பலரின் கருத்து. நாட்டிலேயே பெரிய அதிகாரிக்கு அந்தக் கதி என்றால், காட்டோரத் தோட்டத்து லயத்தில் இருந்த நம் சனங்கள் எந்தப் பயத்தோடு பால்வெட்டப் போயிருப்பார்கள்!

'கேப்' என்னும் கணவாயிலிருந்து உச்சிக்கு 8 கிலோமீட்டர். பல்லாண்டுக் காலம் அது ஒருவழி நேரச் சடக்கு. ஒரு மணி நேரம் ஏறுகிற வண்டிகளுக்கு, அடுத்த மணி நேரம் இறங்குகிற வண்டிகளுக்கு.

சரி, பிரேசர் யார்? லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1890-களில் ஈயத் தொழிலுக்காக மலையேறினார். கோவேறு கழுதைகள் சுமந்து இறங்கின. பிறகு ஆளையே காணோம்! 1917-இல் சிங்கப்பூர் பிஷப் பெர்குசன்-டேவி அவரைத் தேடி ஏறினார். பிரேசர் அகப்படவில்லை, குளிர்ந்த காற்று அகப்பட்டது. ஓய்வுக்கு ஏற்ற இடம் என்று அரசாங்கத்துக்குச் சொன்னார். 1919-இல் வேலை தொடங்கி, 1922-இல் மலைநகரம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறி, பின்னால் ஊட்டி உண்டான அதே கதைதான்.

உச்சி ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம். மணிக்கூண்டு, கல் பங்களாக்கள், பழைய ஈயச் சுரங்க நிலத்தில் போட்ட கோல்ப் திடல். இத்தாலி மலையூர் மாதிரி இருக்கே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே சனங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து ஊர் வளர்ந்தது. இதுவோ வெயில் தாங்காத துரைமார் விடுமுறைக்குக் கட்டிக்கொண்டது.

இறங்கும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டு வாங்க. அக்கால மலாயாவில் சடக்கு வேலையிலும் ரயில்பாதை வேலையிலும் தமிழ் ஆட்களே மிகுதி. காணாமல் போனவர் பேர் மலைக்கு நின்றுவிட்டது. கல் உடைத்து மண் சுமந்தவர் பேர் எந்தப் பலகையிலும் இல்லை. வீட்டுக்குப் போனதும் தாத்தா பாட்டியைக் கேளுங்க, நம் குடும்பத்தில் யாராவது சடக்கு வேலைக்குப் போனதுண்டா, எந்தக் கட்டையில் இருந்தார்கள் என்று. சொன்னால் பேரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்க.