காட்டுப் பன்றியும் குழிப் பன்றியும்

மயிலைக் குளத்திற்கு அண்மையிலே வாடகைக்கு ஓர் அறை தேடி அலைந்தேன். பள்ளியாசிரியன் என்றேன், மகிழ்ந்தார் வீட்டுக்காரர். முன்பணம் தருகிறேன் என்றேன், முகம் மலர்ந்தார். இறுதியிலே, "தம்பி, சாப்பாடு சைவந்தானே?" என்றார். இல்லை என்றேன். கதவு சாத்திற்று. சாத்துமுன், "தமிழ் மண்ணின் மரபே சைவ உணவுதான் தம்பி, புலாலெல்லாம் இடையிலே வந்த பழக்கம்" என்று எனக்குப் பாடமும் சொல்லிவைத்தார்.

அன்று மாலை கிண்டிப் பூங்காவின் வேலியோரம் நின்றோம், நானும் நண்பர் ஒருவரும். உள்ளே புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நண்பர் பெருமூச்செறிந்தார். "இதைத் தின்றான் நம் பாட்டன், வேங்கையெனத் திரிந்தான். நாம் கொட்டகைக் கோழியைத் தின்கிறோம். அதைப் போலவே சோர்ந்து கிடக்கிறோம். காட்டு இறைச்சியன்றோ உண்மையான உணவு!" என்றார்.

காலையிலே ஒரு கதை; மாலையிலே மற்றொரு கதை. முன்னது, புலாலைத் தொடாத தமிழனைப் படைத்தது. பின்னது, மானைத் தின்றே மலையைப் பெயர்த்த தமிழனைப் படைத்தது. மறுப்பதற்கு முன் ஆராய்வதும், நம்புவதற்கு முன் ஆராய்வதும் பகுத்தறிவாளர் கடன். இரண்டு கதைகளையும் உரைத்துப் பார்க்க உரைகல் ஒன்று நம்மிடமே உண்டு, தோழர்களே! அதன் பெயர் பெரும்பாணாற்றுப்படை.

பத்துப்பாட்டுள் ஒன்று அது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது. பரிசில் பெற்ற பாணன் ஒருவன், வறுமையுற்ற பாணனுக்கு வழி சொல்கிறான். அவன் சொல்லும் வழி நெடுகிலும் சோறு மணக்கிறது! எந்த ஊரில் எவர் இல்லத்தில் என்ன கிடைக்கும் என்று நிலம் நிலமாகக் கூறிச் செல்கிறான். நாம் வாழும் சென்னையும் அதே தொண்டை நாட்டின் கரையோரந்தான்.

பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டில் அச்சிலேற்றியவர் உ.வே. சாமிநாதையர். புலால் உண்ணாக் குடியிற் பிறந்த அவர், ஏட்டிலிருந்த புலாலை மறைத்தாரில்லை. ஒரு வரியையும் ஒளித்தாரில்லை. பெசன்ட் நகரில் இன்று நூலகமாக நிற்பது அவர் பெயர்தான். மயிலைப் பெரியவர் அங்கே ஒருமுறை சென்று பார்த்தாலே போதும்.

என்ன இருக்கிறது அந்தப் பாட்டில்? எயினர் குடியிருப்பில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும். எயினர் அரணில் செந்நெற் சோறும், வேட்டை நாய் பிடித்த உடும்பின் பொரியலும். முல்லை நிலத்தில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். மருத நிலத்தில் வெண்சோறும் வீட்டுப் பெட்டைக் கோழியின் பொரியலும். வலைஞர் வீட்டில் மீன். அந்தணர் வீட்டில் மோரும், மாதுளங்காயும், மிளகும், கறிவேப்பிலையும், மாவடுவும். ஆம், புலாலற்ற உணவும் அங்கே உண்டு, மறைப்பானேன்? ஆனால் அது சில வீடுகளின் உணவு. நாட்டின் உணவு அன்று. சில வீடுகளின் அடுப்பை எல்லா வீட்டுக்கும் சட்டமாக்குவது வரலாறு ஆகாது. கீழடியில் கிடைத்த எலும்புத் துண்டுகளுள் மாடு, எருமை, ஆடுகளோடு வெளிமானும் காட்டுப் பன்றியும் இருந்ததாக 2019இல் வெளிவந்த ஆய்வறிக்கை கூறுகிறது. ஏடும் எலும்பும் ஒன்றுபோற் சான்று சொல்லும்போது, காலைக் கதை கரைந்து போகிறது.

மாலைக் கதைக்கு வருவோம். அதே பாட்டில் இரண்டு பன்றிகள் இருக்கின்றன. ஒன்று, காட்டுப் பன்றி. எயினர் நீர்நிலை ஓரத்தில் குழி தோண்டி, நள்ளிரவில் அதனுள் ஒடுங்கி, நீர் குடிக்க வரும் பன்றிக்காகக் காத்திருக்கின்றனர். மற்றொன்று, குழிப் பன்றி. கடற்கரைப் பட்டினத்தில் ஆண் பன்றியொன்றைப் பெண் பன்றியோடு சேரவொட்டாமல் தடுத்து, குழியிலே நிறுத்தி, நெல்லை இடித்த மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்க வைக்கின்றனர். அதன் கொழுத்த தசையைக் கள்ளோடு விருந்தினர்க்குப் படைக்கின்றனர். இன்றைய பண்ணையார் செய்வதும் இதுதானே? ஓடவிடாதே, தவிடும் மாவும் ஊட்டு, எடை ஏற்று! ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே நம் கரையில் நடந்த தொழில் இது.

இரண்டில் எது சிறந்தது? அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலைப் புரட்டுவோம். 100 கிராம் காட்டுப் பன்றி இறைச்சியில் புரதம் 21 கிராம். கொழுப்பு 3 கிராமுக்குச் சற்று மேல். பண்ணைப் பன்றியைக் கொழுப்போடு சேர்த்து அரைத்தால் புரதம் 17 கிராம். கொழுப்பு 21 கிராம்! கொழுப்பை வெட்டியெறிந்து தசையை மட்டும் எடுத்தால் வேறுபாடு குறுகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1968இல் மைக்கேல் கிராஃபோர்டு என்னும் அறிஞர், 'லான்செட்' மருத்துவ ஏட்டில் மற்றொன்றை எடுத்துக் காட்டினார். கொழுப்பின் அளவு மட்டுமன்றி வகையும் மாறுகிறது. காட்டில் திரியும் விலங்கின் தசையில் உடலுக்குத் தேவையான நிறைவுறாக் கொழுப்பின் பங்கு மிகுதி, கட்டிவைத்துக் கொழுக்க வைத்த விலங்கில் சேமிப்புக் கொழுப்பே மிகுதி என்றார். விலங்கு எதைத் தின்றது, எவ்வளவு ஓடியது என்பதே இறைச்சியின் தரத்தை வகுக்கிறது.

நண்பர் வென்றாரா? பொறுங்கள்!

அவ்வளவு உயர்ந்தது மெலிந்த இறைச்சி எனில், பழம்புலவர்கள் கொழுப்பை ஏன் அப்படிப் பாராட்டினார்கள்? பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்திலே பொருநன் பெறுவது, அறுகம்புல் ஊட்டி வளர்த்த செம்மறியின் தொடையிறைச்சி. பட்டினத்துக் குழிப் பன்றிக்குப் பெருமை அதன் நிணம். காரணம் எளிது. கிடைக்காத பொருளுக்கே மதிப்பு மிகுதி. வேட்டையாடி வாழ்பவனுக்குப் புரதம் கிடைக்கும், கொழுப்பு அரிது. கொழுப்பில்லாத இறைச்சியை மட்டுமே தின்று கிடப்பவன் வயிறு நிறைந்தும் நலிவான், கழிச்சலுறுவான். வட அமெரிக்காவின் பனிநாட்டுப் பயணிகள் இதனை 'முயல் பட்டினி' என்றே அழைத்தனர். அந்தக் கொழுப்பு எயினனுக்கு மருந்து. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கு அதுவே சுமை.

இன்னும் ஒன்று. எயினரின் இரவு வேட்டை எப்போதும் வெற்றி பெற்றதா? அதையும் புலவர் மறைக்கவில்லை. இரவு வேட்டை பொய்த்தால், மறுநாட் பகலில் நாய்களோடு புதர்களை அடித்து, முயலுக்கு வலை விரிக்கின்றனர். வீட்டிலே எயிற்றியர் என்ன செய்கின்றனர்? கரம்பை நிலத்தைக் கிளறி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை அள்ளி வந்து, உரலில் இட்டுக் குற்றி, உலையேற்றுகின்றனர். எறும்பின் வளையிலிருந்து எடுத்த அரிசி! வேங்கையெனத் திரிந்த பாட்டனின் வீட்டு அடுப்பு அது. அதே காலத்தில் அரசனின் அவையிலிருந்த பொருநனோ, இரவும் பகலும் ஊன் தின்று, கொல்லையை உழுத கொழுவைப்போல் பல் மழுங்கியதாகக் கூறுகிறான். ஒருவன் பல் தேய உண்டான். ஒருத்தி எறும்போடு போட்டியிட்டாள். ஊட்டம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு வினா; அது எவர் வாய்க்குச் சென்றது என்பது மற்றொரு வினா. இரண்டாவது வினாவைக் கேட்க மறந்தவன் பழமையின் முன் மண்டியிடுவான்.

இன்று வேட்டைக்குச் செல்லவும் வழியில்லை, செல்லவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மானையும் உடும்பையும் காக்கிறது. 1978இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காட்டின் பரப்பு மூன்று சதுரக் கிலோமீட்டர்கூட இல்லை. இந்நகரின் வாய்களுக்கு அந்த மான்கள் ஒரு வேளைக்குக் காணுமா?

வேண்டியதும் இல்லை, தோழர்களே! அதே பட்டியலில் இன்னொரு வரியைப் பாருங்கள். மான் இறைச்சியில் கொழுப்பு 2.4 கிராம், வெள்ளாட்டில் 2.3. இரும்புச் சத்து மானில் 3.4 மில்லிகிராம், வெள்ளாட்டில் 2.8. வேலியோரம் தழை கடித்துத் திரியும் நம் ஊர் ஆடு, ஊட்டத்தில் மானுக்குத் தங்கை! ஆறு வாரத்தில் கொழுக்க வைக்கும் கொட்டகைக் கோழியில் இரும்பு 1 மில்லிகிராம் அளவே. புரதத்தில் அது குறைந்ததன்று. ஆட்டின் சுவரொட்டியிலோ இரும்பு 40 மில்லிகிராமையே எட்டுகிறது. தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகையுற்றோர் என்று தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. கீரையின் இரும்பைவிட இறைச்சியின் இரும்பை உடல் எளிதில் ஏற்கும் என்பது மருத்துவ உண்மை. அப்படியிருக்க, 'தீட்டு' என்று சொல்லி அதனைத் தட்டிலிருந்து தள்ளுவது எவர் குருதியைக் குறைக்கிறது? எண்ணிப் பாருங்கள்.

தியாகராய நகர் வழியே நாள்தோறும் பேருந்தில் செல்கிறேன். அந்தப் பெயருக்குரிய பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்த 1920இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறிற்று. செலவு ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது என்பது விதி. சத்துணவில் 1989இல் முட்டை வந்தது, இரண்டு வாரத்திற்கு ஒன்றாக. 2010இல் பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாயிற்று. உண்ணாதவர்க்கு வாழைப்பழம். அது கொட்டகைக் கோழியின் முட்டைதான். காட்டுப் பறவையின் முட்டை அன்று. ஆயினும் அதில் 6 கிராம் புரதமும், காய்கறியில் கிடைக்காத பி12 உயிர்ச்சத்தும் உண்டு. பொய்க்காத வேட்டை அது.

என் பள்ளியிலே நண்பகல் மணி அடிக்கிறது. ஓட்டை உரித்தவாறே வரிசையில் அமர்கின்றனர் பிள்ளைகள். வாழைப்பழம் பெற்றவன் முட்டை பெற்றவனின் அருகிலேயே அமர்கிறான். மயிலைப் பெரியவரும் கிண்டி நண்பரும் ஒரு நாள் வந்து அந்த வரிசையைப் பார்க்கட்டும்.