கை இறுக, கால் துள்ளும்

முழங்காற்சில்லுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளும் அனிச்சைச் செயலை 1875இல் ஜெர்மானிய மருத்துவர்கள் எர்பும் வெஸ்ட்பாலும் தனித்தனியே எழுதிவைத்தனர். அதன்பின், கால் துள்ளாமை தண்டுவட நோயின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. ஆனால் நலமாக உள்ள சிலருக்கும் கால் எளிதில் அசைவதில்லை. அவர்களையும் நோயாளிகளாகக் கருதிவிடும் அபாயம் இருந்தது.

1885இல் ஹங்கேரிய மருத்துவர் எர்னோ யெண்ட்ராசிக் இதற்கொரு வழி சொன்னார். இரு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து எதிரெதிரே இழுக்கச் செய்து, அக்கணமே முழங்காலில் தட்டவேண்டும். மறைந்திருந்த துள்ளல் வெளிப்படும்.

கவனம் திரும்புவதுதான் காரணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கையின் முயற்சி காலுக்குரிய தண்டுவடப் பாதையையே மாற்றுகிறது என்பன பின்வந்த ஆய்வுகள். எவ்வாறு என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மகாராஜபுரத்து உழவர் ஒருவரின் கால் துள்ளாதபோதும், 'அனிச்சை இல்லை' என்று எழுதுமுன் கைகோத்து இழுக்கச் சொல்லிப் பார்ப்பதே முறை.