யெல்லோஸ்டோன் பள்ளத்தாக்கு ஓவியம் பிறந்த கதை

ஓவியர் தாமஸ் மோரன் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனை முதலில் வரைந்தது, அந்த இடத்தைக் கண்ணால் காணாமலேதான். 1871-இல் நியூயார்க்கின் ஸ்கிரிப்னர்ஸ் மாத இதழுக்கு அதைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை வந்தது. கூடவே, போய்வந்தவர்கள் கிறுக்கிய சில கோட்டுப்படங்கள். அவற்றை அச்சுக்கு ஏற்றபடி திருத்தி வரையும் வேலை மோரனுக்கு. மரச்செதுக்குப் பட்டறையில் தொழில் பழகியவர். கை வேலையை முடித்துவிட்டது, மனம்தான் ஆறவில்லை.

அந்தக் கோடையில் ஃபெர்டினாண்ட் ஹேடன் தலைமையில் அரசின் நில ஆய்வுக் குழு அங்கே புறப்பட்டது. மோரன் கடன் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துகொண்டார். ரயில் பாதைக்குப் பணம் திரட்டிக்கொண்டிருந்த ஜே குக் 500 டாலர் கொடுத்தார். பாதை அந்தப் பக்கமாகப் போவதாக இருந்தது. பிறகு கொடுக்க மாட்டாரா? மோரனுக்கோ குதிரையேறிப் பழக்கமில்லை. ஒல்லி உடம்பு. சேணத்தின்மேல் தலையணை வைத்துக்கொண்டு சவாரி செய்தாராம்.

பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றால் மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை. எரிமலைப் பாறையில் காலங்காலமாக வெந்நீர் ஊடுருவி, உள்ளிருந்த இரும்பு துருவேறியதால் வந்த நிறம். நடுவே 308 அடி அருவி. உடன் வந்த வில்லியம் ஹென்றி ஜாக்சனின் புகைப்படத்தில் இந்த நிறம் எதுவும் விழாது. மோரன் அதை நீர்வண்ணத்தில் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

அவருடைய பெரிய எண்ணெய் ஓவியத்தைப் பார்த்துத்தான் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. தேதி இடிக்கிறது. பூங்காச் சட்டத்தில் அதிபர் கிராண்ட் கையெழுத்திட்டது 1872 மார்ச் 1. ஓவியம் முடிந்தது அதற்குப் பிறகு. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் பார்த்தவை சின்னச் சின்ன நீர்வண்ணப் படங்களும் ஜாக்சனின் புகைப்படங்களும்தான்.

அந்த எண்ணெய் ஓவியம், ‘யெல்லோஸ்டோனின் பெரும் பள்ளத்தாக்கு’, 7 அடி உயரம், 12 அடி அகலம். அந்தக் காட்சி அப்படியே தெரியும் இடம் என்று அங்கே ஒன்றும் கிடையாது. பல இடத்துப் பாறைகளை இழுத்துவந்து ஒன்றாக அடுக்கியிருக்கிறார். ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அருவியைத் தூரத்தில் வெள்ளைக் கீற்றாக வைத்து, இந்தப் பக்க விளிம்பில் எறும்பளவு மனிதர்களை நிறுத்தியிருக்கிறாரே, அதில்தான் பள்ளத்தின் ஆழம் வயிற்றைக் கலக்குகிறது.

காங்கிரஸ் 1872-இலேயே 10,000 டாலருக்கு அதை வாங்கி நாடாளுமன்றக் கட்டடத்தில் மாட்டியது. இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மோரன் தம் பெயருக்கு நடுவே யெல்லோஸ்டோனைச் செருகி, படங்களில் டி.ஒய்.எம். என்று கையெழுத்துப் போடலானார்.