கரப்பானும் கடலையும்: மலாக்காத் தமிழர் வீடுகளில் குழந்தையின் முதல் உணவு

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் மலாக்காவில் உருவானது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. இத்தகைய தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று மலாக்காவின் பாச்சாங் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் கைக்குழந்தைக்கு எதை, எப்போது கொடுக்கலாம் என்ற எண்ணம் மாறிவந்த வரலாறு, ஒவ்வாமை பற்றிய இன்றைய மருத்துவத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு. அதன்பின் தாய் ரப்பர் காட்டுக்குள், பிள்ளை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில். அப்போதிலிருந்து வெயில் ஏறும்வரை தாய்ப்பால் கிடையாது. அந்த இடைவெளியில்தான் டின் பால் நுழைந்தது. வெந்நீரில் கரைத்த இனிப்புப் பால், கொஞ்சம் கஞ்சி. பல குழந்தைகளுக்கு அவ்வளவுதான் உணவு. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் ‘பாலும் கொலையும்’ என்ற பொருளில் தலைப்பிட்டு ஆற்றிய உரை, இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவாக விற்பதைக் கடுமையாகக் கண்டித்தது. குழந்தையின் உணவு குறுகியதற்குத் தாயின் அறியாமையைக் காரணம் காட்டுவது அநியாயம். வேலைநேரமே அதைக் குறுக்கியது.

வீட்டுக்குள் வேறொரு குறுக்கமும் இருந்தது: பத்தியம். பிள்ளையின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டினால் அது கரப்பான். கருவாடு, இறால், கத்தரிக்காய், நிலக்கடலை எல்லாம் கரப்பான் பண்டம் என்று பால் கொடுக்கும் தாய்க்கே விலக்கப்பட்டன. பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம். தோலுக்கும் உணவுக்கும் உறவு உண்டு என்று பாட்டிமார் கண்டுகொண்டது பெரிய அவதானிப்பு.

நவீன மருத்துவமும் சில காலம் அதே பக்கம் நின்றது. ஒவ்வாமை வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முட்டையை இரண்டு வயதுவரையும், நிலக்கடலையையும் மீனையும் மூன்று வயதுவரையும் தள்ளிப்போடச் சொன்னது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி. அது 2000இல். தள்ளிப்போடுவதால் பயன் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் அதே அமைப்பு பின்வாங்கியது. அதே ஆண்டு ஒவ்வாமை மருத்துவர் கிடியன் லாக் முன்வைத்த கருத்து திசையையே மாற்றியது: கரப்பானால் பிளந்த தோல் வழியே வீட்டுத் தூசியிலுள்ள உணவுத் துகள் உடம்பில் நுழைந்தால் ஒவ்வாமை உருவாகிறது, வாய் வழியே குடலுக்குச் சென்றால் உடம்பு அதை ஏற்கப் பழகுகிறது. சட்னிக்குக் கடலை வறுத்து அரைக்கும் சமையலறையில், பொருக்குக் கன்னத்தோடு தவழும் குழந்தையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். கடலையால் கரப்பான் என்றார்கள் பாட்டிமார். கரப்பான் வழியாகவே கடலை ஒவ்வாமை வரலாம் என்றது புதிய கருத்து.

2015இல் வெளியான லீப் ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகள் பிரிட்டனில் சேர்க்கப்பட்டனர். ஐந்து வயதுவரை கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்குக் கடலை ஒவ்வாமை, உண்டுவந்தவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கு மட்டுமே. ஐந்து ஐரோப்பிய நாடுகளின் கிராமப்புறக் குழந்தைகளைத் தொடர்ந்த பாஸ்ச்சர் ஆய்வு (2014), முதல் ஆண்டில் பலவகை உணவு உண்டவர்களிடம் ஆஸ்துமாவும் உணவு ஒவ்வாமையும் குறைவாக இருப்பதைக் கண்டது.

ஐரோப்பாவை அப்படியே மலாக்காவுக்குப் பெயர்த்து நடமுடியாது. சீன, மலாய், இந்தியக் குடும்பங்களைப் பின்தொடர்ந்த சிங்கப்பூரின் கஸ்டோ ஆய்வில், முட்டையும் கடலையும் இறாலும் தாமதமாகவே கொடுக்கப்பட்டும் உணவு ஒவ்வாமை குறைவாகவே இருந்தது. எனவே தாமதம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை.

ஆயினும் பத்தியத்தின் பெயரால் உணவைச் சுருக்குவதற்கு இனி நியாயமில்லை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பது மலேசியாவில் 2005இல் திருத்தப்பட்ட தாய்ப்பால் கொள்கை. அதன்பின் கேழ்வரகுக் கூழோடு மசித்த பருப்பு, நன்கு வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், கூழில் குழைத்த கடலை விழுது என ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். முழுக்கடலை மட்டும் கூடாது, மூச்சுக்குழலை அடைத்துவிடும். கரப்பான் கடுமையாக உள்ள பிள்ளைக்கு முட்டையையும் கடலையையும் தொடங்குமுன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நாள் கடத்துவதில் ஆபத்து அதிகம்.